ஞானப் பல் எடுத்த பிறகு



பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. ஆனால் போனாலும் சொல் போகாத பல் ஒன்று உண்டு. அதுதான் ஞானப் பல். அதை எடுத்தால் பேச்சு கெடாது. சோறு மெல்லுவதும் கெடாது. ஆனால் எடுத்த பிறகு ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் தூக்கம் கெடும். வேலை கெடும். கூலியும் கெடும். அந்த ஒரு வாரத்தைப் பற்றியதுதான் இந்த உரை.

ஞானப் பல் என்பது எது?

வளர்ந்தவர்களுக்கு மொத்தம் 32 பற்கள். அவற்றில் கடைசியாக முளைப்பவை நான்கு. மேலே வலம் இடமாக இரண்டு, கீழே வலம் இடமாக இரண்டு. பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும். புத்தி தெளிகிற வயதில் வருவதால் ஞானப் பல் என்று பெயர் வந்தது. சிலருக்கு நான்கும் வரும். சிலருக்கு ஒன்றுகூட வராது. வராவிட்டால் ஞானம் குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை.

எல்லாருடைய ஞானப் பல்லையும் எடுக்க வேண்டியதில்லை. நேராக முளைத்து, சுத்தமாக இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். தொல்லை எப்போது வருகிறது? தாடையில் இடம் இல்லாதபோது வருகிறது. நிறைந்த ரயில் பெட்டியில் கடைசியாக ஏறுகிறவர் சாய்ந்துகொண்டு நிற்பார் அல்லவா? அதுபோல இந்தப் பல்லும் சாய்ந்து முளைக்கும். பாதி வெளியே, பாதி ஈறுக்குள்ளே நிற்கும். அந்த ஈறு மடிப்புக்குள் சோற்றுப் பருக்கை நுழையும். சீழ் பிடிக்கும். தாடை வீங்கும். வாய் திறக்க முடியாது. பக்கத்துப் பல்லும் சொத்தையாகும். அப்போது மருத்துவர் எடுத்துவிடலாம் என்பார்.

எடுப்பதற்கு இன்று பயப்பட வேண்டியதில்லை. ஒரு பழைய செய்தி உண்டு. 1844 டிசம்பர் 11ஆம் நாள். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊர். ஹோரஸ் வெல்ஸ் என்பவர் அங்கே பல் மருத்துவர். அவருக்கே ஒரு கடைவாய்ப் பல் தொல்லை கொடுத்தது. அவர் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை மூச்சில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜான் ரிக்ஸ் என்ற மற்றொரு பல் மருத்துவர் பல்லைப் பிடுங்கினார். வெல்ஸுக்கு வலி தெரியவில்லை. வலி தெரியாமல் சிகிச்சை செய்யும் முறை வளர்ந்ததற்கு அந்தப் பல்லும் ஒரு காரணம். 1943இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்க்ரென் லிக்னோகைன் என்ற மருந்தை உருவாக்கினார். இன்று பல் மருத்துவர்கள் பெரும்பாலும் போடும் மரத்துப்போகும் ஊசி அந்த வகைதான்.

ஆகவே நாற்காலியில் வலி இல்லை. வலி வருவது வீட்டுக்கு வந்த பிறகு. மருத்துவரின் வேலை ஒரு மணி நேரம். வீட்டாரின் வேலை ஏழு நாள்.

தங்கவயலில் ஒரு வீடு

தங்கவயலில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாரிக்குப்பம் பக்கம் ஒரு லைன் வீடு. கணவன், மனைவி, கணவனின் தாயார், இரண்டு பிள்ளைகள். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சுரங்கம் ஓடிய நாளில் நோய் என்றால் சாம்பியன் ரீஃப்பில் சுரங்க மருத்துவமனை இருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வேலை நின்றது. அதன் பிறகு தங்கவயலின் பிழைப்பு ரயிலில் ஏறிவிட்டது. விடியும் முன் எழுந்து பெங்களூர் போக வேண்டும். இரவு திரும்ப வேண்டும். இந்த வீட்டுக் கணவனும் அப்படித்தான். ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலி. போகாத நாளுக்குப் பணம் இல்லை.

அவருக்குக் கீழ் வலப்பக்க ஞானப் பல் ஆறு மாதமாகத் தொல்லை. வலி வந்தால் ஒரு மாத்திரை. வீங்கினால் இரண்டு மாத்திரை. கடைசியில் வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. மனைவிதான் பிடிவாதமாக அழைத்துப் போனார். தங்கவயலில் பெமல் நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெங்களூரில் 1958 முதல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் செலவு பொதுவாகக் குறைவு.

அவர் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். ஞாயிறு ஓய்வு, திங்கள் வேலைக்குப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

பல்லை எடுத்து, இரண்டு தையல் போட்டு, ஒரு சீட்டும் கொடுத்தார்கள். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. பின்பக்கம் கன்னடத்தில் இருந்தது. மனைவி மாலை நேரக் கற்போர் மையத்தில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். மற்ற நாளாக இருந்தால் சீட்டை மடித்து இடுப்பில் செருகியிருப்பார். அன்று அப்படிச் செய்யவில்லை.

"அம்மா, இதில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்" என்று அங்கிருந்த உதவியாளரிடம் கேட்டார்.

அவர் சொல்லச் சொல்ல, மகளின் நோட்டில் எட்டு வரி எழுதினார். நேரம் பிடித்தது. உதவியாளர் பொறுமையாகக் காத்திருந்தார். அந்த எட்டு வரி இவைதான்:

1. பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்க வேண்டும்.
2. துப்பக் கூடாது. உறிஞ்சக் கூடாது.
3. இன்று கொப்பளிக்கக் கூடாது. நாளை முதல் உப்புத் தண்ணீர்.
4. சூடு வேண்டாம். காரம் வேண்டாம்.
5. பீடி, புகையிலை, மது வேண்டாம்.
6. இன்று கன்னத்துக்கு ஐஸ்.
7. மாத்திரை சொன்ன நேரத்துக்கு.
8. மூன்று நாளுக்குப் பிறகு வலி கூடினால் திரும்பி வர வேண்டும்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு?

சொன்னதைச் செய்வதற்கு முன் காரணம் தெரிந்தால் நல்லது. தங்கவயல்காரருக்கு இதைச் சொல்வது எளிது. பூமிக்குள் கல் வெட்டி எடுத்தால் அங்கே வெற்றிடம் உண்டாகும். அதை அப்படியே விட்டால் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அதனால் கருங்கல் அடுக்கியும் கான்கிரீட் போட்டும் நிரப்பினார்கள்.

பல் எடுத்த இடமும் ஒரு குழிதான். அதை நிரப்புவது இரத்தம். குழிக்குள் ஊறும் இரத்தம் சிறிது நேரத்தில் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி எலும்பை மூடிக் காக்கிறது. அதன் மேல்தான் புதுச் சதை வளர வேண்டும். கட்டி பெயர்ந்துவிட்டால் குழிக்குள் எலும்பு வெறுமையாகத் தெரியும். காற்றும் தண்ணீரும் பட்டால் உயிர் போகிற வலி வரும். இதை மருத்துவர்கள் உலர்குழி என்பார்கள். 1896இல் கிராஃபோர்டு என்பவர் இந்தப் பெயரை முதலில் எழுதினார். கீழ்த்தாடை ஞானப் பல் எடுத்தவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

எட்டு வரியில் பாதி வரிகள் இந்த இரத்தக் கட்டியைக் காப்பதற்காகச் சொன்னவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தானே புரியும்.

முதல் நாள்

பஞ்சு என்று சொன்னாலும் வாயில் வைப்பது மடித்த மருந்துத் துணி. அதை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார வேண்டும். பேசக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்துப் பார்த்தால் உறைகிற இரத்தம் துணியோடு வந்துவிடும். முழுதாக அரை மணி கழித்து எடுக்கலாம்.

அன்று முழுவதும் எச்சிலில் சிவப்புக் கலந்திருக்கும். ஒரு சொட்டு இரத்தம் ஒரு வாய் எச்சிலையே சிவப்பாக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். எச்சிலை விழுங்கிவிடலாம். துப்பத் துப்ப இரத்தம் கூடும். இரத்தம் நிற்காமல் வழிந்தால் புதிய மருந்துத் துணியை ஈரமாக்கி, மடித்து, மறுபடி அரை மணி கடிக்க வேண்டும். இரண்டு முறை அப்படிச் செய்தும் நிற்காவிட்டால் வீட்டில் இருக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊசியின் மரத்தல் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அதுவரை சாப்பிடக் கூடாது. உதட்டையும் நாக்கையும் கடித்தாலும் தெரியாது. சூட்டில் வெந்தாலும் தெரியாது.

இந்த வீட்டில் ஃபிரிஜ் இல்லை. ஐஸுக்கு எங்கே போவது? மூத்த பிள்ளை ஜூஸ் கடைக்கு ஓடி ஐஸ் கட்டி வாங்கி வந்தான். அதைச் சுத்தமான துணியில் சுற்றி வெளிக் கன்னத்தில் வைத்தார்கள். 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் விட்டு, மறுபடி வைக்க வேண்டும். கடை ஐஸை வாய்க்குள் போடக் கூடாது. ஐஸ் கிடைக்காத வீட்டில் பானைத் தண்ணீரில் நனைத்த துணியும் ஓரளவு உதவும்.

அப்போது கணவனின் தாயார் ஒரு கிண்ணத்தோடு வந்தார். மஞ்சளும் இடித்த கிராம்பும் எண்ணெயில் குழைத்திருந்தார்.

"ராசா, இதை அந்தக் குழியிலே அடைச்சுக்கோ. உங்கப்பாவுக்கு இப்படித்தான் வெச்சேன்."

மருமகள் மறுத்துப் பேசவில்லை. நோட்டை எடுத்தார். எட்டு வரியையும் விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.

"அத்தை, மாமாவுக்கு ஆடின பல்லைப் பிடுங்கினாங்க. இவருக்கு எலும்பை அறுத்துத் தையல் போட்டிருக்காங்க. உள்ளே எதுவும் வைக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டு வந்தேன். மஞ்சளைப் பாலில் போட்டு ஆறினதும் கொடுப்போம்."

தாயாருக்கும் அது சரியாகப் பட்டது. மஞ்சள், கிராம்பு, கற்பூரம், புகையிலை, மூக்குப் பொடி எதுவும் புதுப் புண்ணுக்குள் போகக் கூடாது. அவை சுத்தமானவையா என்று யாருக்கும் தெரியாது. தூள் குழிக்குள் தங்கினால் சீழ் பிடிக்கும். பாட்டி வைத்தியத்தின் நல்ல பகுதி கஞ்சியிலும் பாலிலும் ஓய்விலும் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாம்.

இரவில் தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுக்க வேண்டும். தலை உயர்ந்திருந்தால் வீக்கமும் இரத்தமும் குறையும்.

என்ன சாப்பிடலாம்?

இது பெரிய கவலை. ஆனால் கோலார் சீமை வீடுகளில் இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. ராகிதான் அது. ராகிக் கஞ்சியை நன்றாக ஆறவைத்து, மோர் கலந்து குடிக்கலாம். இரண்டாம் நாளிலிருந்து ராகிக் களியும் சாப்பிடலாம். களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டி விழுங்குவதுதான் வழக்கம். ஆவி பறக்கும் களி வேண்டாம். ஆறிய களியைச் சிறு உருண்டையாக்கி, காரமில்லாத பருப்புத் தண்ணீரில் தொட்டு விழுங்கலாம்.

பாலில் ஊறிய இட்லி, தயிர் விட்டுக் குழைத்த சோறு, மசித்த வாழைப்பழம், வேகவைத்த முட்டை, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு எல்லாம் நல்லவை. மெல்லுவது மறுபக்கத்தில் இருக்கட்டும். முறுக்கு, மிக்சர், வேர்க்கடலை, பொரி, எள் ஆகியவை ஒரு வாரம் வேண்டாம். அவற்றின் துகள் குழிக்குள் போய் உட்காரும். ஊறுகாயும் மிளகாயும் புண்ணை எரிக்கும்.

இளநீர் நல்லது. ஆனால் குழல் போட்டு உறிஞ்சக் கூடாது. உறிஞ்சும் இழுப்பில் இரத்தக் கட்டி பெயர்ந்துவிடும். டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். டீ, காப்பியையும் முதல் நாள் விட்டுவிட்டு, அடுத்த நாள் ஆறவைத்துக் குடிக்கலாம்.

மாத்திரைகளைப் படித்தல்

மருத்துவர் மூன்று வகை மாத்திரை எழுதியிருந்தார். மனைவி காலண்டரை எடுத்தார். ஒவ்வொரு தேதிக்குக் கீழும் காலை, மதியம், இரவு என்று பென்சிலால் எழுதினார். மாத்திரை கொடுத்ததும் ஒரு கோடு போட்டார். யார் கொடுத்தார்கள், கொடுத்தாயிற்றா என்ற குழப்பம் வரவில்லை.

ஆனால் வீட்டில் பழைய வலி மாத்திரை அட்டை ஒன்றும் இருந்தது. கணவன் வலிக்கிறது என்று அதையும் கேட்டார். மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள் வேறு வேறு. ஆனால் அடியில் சிறிய எழுத்தில் இருந்த சொல் இரண்டிலும் ஒரே உருவமாக இருந்தது. மருந்துக் கடையில் காட்டினார். இரண்டும் பாராசிட்டமால்தான் என்று கடைக்காரர் சொன்னார். பழைய அட்டையை அவர் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

இது சிறிய செயல் அல்ல. பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் யாரும் சாப்பிடக் கூடாது. ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் நான்கு முதல் ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அளவு மீறினால் கல்லீரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவருக்கு எட்டே அதிகம். அவர் மருத்துவர் சொல்லும் குறைந்த அளவோடு நிற்க வேண்டும். எழுத்து தெரியாவிட்டாலும் எழுத்தின் உருவத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். 500 என்பது எங்கும் 500தான்.

ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ஆஸ்பிரினை வலிக்காகச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அது இரத்தப் போக்கைக் கூட்டும். இதயத்துக்காக மருத்துவர் தினமும் கொடுக்கும் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தவும் கூடாது. அதைப் பல் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும்.

கிருமிக்கான மாத்திரை கொடுத்திருந்தால் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். வலி நின்றது என்று பாதியில் விடக் கூடாது. மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது. மெட்ரோநிடசோல் என்ற மருந்தோடு மது சேரக் கூடாது. வலிக்குப் பிராந்தி நல்லது என்று சொல்லும் நண்பரின் பேச்சைக் கேட்டு வாந்தியும் தலைசுற்றலுமாகப் படுத்தவர்கள் உண்டு.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்

ஞாயிறு காலை உப்புத் தண்ணீர் தொடங்கியது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆற்றி, ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட வேண்டும். ஒரு வாய் எடுத்து, தலையை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்து, வாயைத் திறந்து தானாக விழவிட வேண்டும். களகளவென்று கொப்பளித்து வேகமாகத் துப்பக் கூடாது. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும், படுக்கும் முன்பும் செய்ய வேண்டும்.

மற்ற பற்களை மென்மையான பிரஷ்ஷால் துலக்கலாம். துலக்க வேண்டும். வாய் அழுக்காக இருந்தால் புண் ஆறாது. ஆனால் சாம்பல், கரி, செங்கல் தூள், வேப்பங்குச்சி ஆகியவை இந்த வாரம் வேண்டாம்.

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாளில்தான் அதிகமாகத் தெரியும். இது இயல்பு. பிறகு வடியத் தொடங்கும். இரண்டு நாள் ஆன பிறகு ஐஸ் உதவாது. வெதுவெதுப்பான துணி ஒத்தடம் வெளிக் கன்னத்துக்குக் கொடுக்கலாம். கன்னம் நீலமாகவோ மஞ்சளாகவோ மாறினாலும் பயம் வேண்டாம். அடிபட்ட இடம் கன்றிப்போவது போலத்தான் அது. ஒரு வாரத்தில் மறையும்.

குழியின் மேல் வெள்ளையாக ஒரு படலம் தெரியும். பலர் இதைச் சீழ் என்று நினைத்து விரலாலும் குச்சியாலும் சுரண்டுகிறார்கள். அது ஆறுகிற படலம். தொடக் கூடாது.

ஞாயிறு மாலை கணவனுக்கு வலி குறைந்தது. டீக்கடை வரை போய் வருகிறேன் என்றார். போன இடத்தில் நண்பர் ஒரு பீடி நீட்டினார். ஒன்றுதானே என்று பிடித்தார்.

திங்கட்கிழமை கன்னம் பலாக்கொட்டை வைத்ததுபோல வீங்கியிருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் இருங்க" என்றார் மனைவி. "போகலைன்னா என் இடத்துலே வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்றார் கணவர். அது பொய் இல்லை. அதனால் மனைவி அதிகம் தடுக்கவில்லை. டிபன் பாக்ஸில் தயிர்ச் சோறு குழைத்துக் கொடுத்தார். கூட்டத்தில் முழங்கை தாடையில் இடிக்காமல் இருக்க ஜன்னல் ஓரம் உட்காரச் சொன்னார். குனிந்து பாரம் தூக்கினால் மறுபடி இரத்தம் வரும், இரண்டு நாள் இலகுவான வேலை கேளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

நான்காம் நாள்

செவ்வாய்க்கிழமை வேலை செய்யும் இடத்தில் வலி தொடங்கியது. சனிக்கிழமை வலியைவிட இது பெரிது. காது வரை இழுத்தது. வாயில் கெட்ட சுவை. மூச்சில் நாற்றம். மாத்திரைக்கு அடங்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது, "இன்னும் ரெண்டு மாத்திரை கொடு."

மனைவி மாத்திரை கொடுக்கவில்லை. நோட்டைத் திறந்து எட்டாம் வரியைப் படித்தார். மூன்று நாளுக்குப் பிறகு வலி கூடினால் திரும்பி வர வேண்டும். புதன்கிழமை காலை இருவரும் மருத்துவரிடம் போனார்கள்.

அது உலர்குழிதான். மருத்துவர் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணியை உள்ளே வைத்தார். அன்று மாலைக்குள் வலி வெகுவாக இறங்கியது. இரண்டு நாள் கழித்து மருந்து மாற்ற மறுபடி வரச் சொன்னார். புகைத்தீர்களா என்று கேட்டார். கணவர் மனைவியைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்றார்.

மருத்துவர் திட்டவில்லை. "புகைக்காதவர்களுக்கும் சில நேரம் வரும். புகைப்பவர்களுக்கு அதிகம் வரும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கொஞ்சம் அதிகம் வரும்" என்று விளக்கினார். பீடியின் இழுப்பு கட்டியைப் பெயர்க்கும். புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வாயில் அடக்கும் புகையிலையும் பாக்கும் அப்படியே. கர்நாடகத்தில் 2013இல் குட்காவுக்குத் தடை வந்தது. புகையிலையும் பாக்கும் தனித்தனிப் பாக்கெட்டில் விற்பனைக்கு வந்தன. பாக்கெட் பிரிந்தாலும் கெடுதல் பிரியவில்லை.

அன்று இரவு மனைவி நோட்டில் இன்னொரு கணக்கு எழுதினார். புதன் கூலி போனது. வெள்ளிக்கிழமையும் போகும். மருந்துச் செலவு தனி. யாரையும் குத்திக் காட்டவில்லை. கணவர் அதை எடுத்துப் படித்துவிட்டு மூடி வைத்தார். அந்த வாரம் அவர் பீடி தொடவில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சில அடையாளங்களைக் கண்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. விழுங்க முடியவில்லை, மூச்சு விடச் சிரமம், நாக்கின் அடியிலும் கழுத்திலும் வீக்கம் பரவுகிறது, கடும் காய்ச்சலும் குளிரும் வருகிறது, இரத்தம் நிற்கவில்லை. இவற்றில் எது வந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 எண்ணுக்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். பல்லில் தொடங்கும் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக் குழாயை அடைக்கும். உயிருக்கே ஆபத்து.

மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடிக்கொண்டே போனாலும், மறுநாளும் உதடு, நாக்கு, முகவாய் மரத்தே இருந்தாலும் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நரம்பு நசுங்கியதால் வரும் மரத்தல் பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் சரியாகும். ஆனாலும் மறைக்கக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வாய் வலிக்கிறது என்று பட்டினி கிடந்து, சர்க்கரை மாத்திரையை மட்டும் போடக் கூடாது. மயக்கம் வரும். கஞ்சியாவது குடிக்க வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் பல்லை எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் நாள்

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். சிலருக்குத் தானாகக் கரையும் தையல் போடுவார்கள். அதைப் பிரிக்க வேண்டியதில்லை. எந்தத் தையல் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தாடை இறுகியிருந்தால் ஒரு நாளைக்குப் பல முறை மெல்ல வாயைத் திறந்து மூடிப் பழக வேண்டும். ஈறு மூடச் சில வாரங்கள் ஆகும். உள்ளே எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். வெளியே தெரியாமல் உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

ஞானப் பல் எடுக்க நாள் பார்ப்பவர்கள் இரண்டு நாள் கணக்குப் போட வேண்டாம். முடிந்தால் மூன்று நாள் ஓய்வுக்கு வழி செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டி முன்னதாகவே சொல்லி வைக்கலாம். முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த எட்டு வரி அதிகம் தேவை.

அந்த வீட்டில் இப்போது எட்டு வரியும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் இருக்கிறது. மனைவி எழுதிச் சுவரில் ஒட்டினார். ஐந்தாம் வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறார். கோடு போட்டவர் கணவர். பக்கத்து வீட்டுப் பெண்ணின் தம்பிக்கு அடுத்த மாதம் பல் எடுக்க வேண்டும். அவர் வந்து அந்தத் தாளைக் கேட்டார். தாளைக் கொடுக்கவில்லை. உட்காரவைத்து, பென்சிலைக் கையில் கொடுத்து, பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

எழுதிக்கொண்டு போனார்.